செஞ்சிக் கோட்டையின் சுனைகளும் குளங்களும்

செஞ்சிக் கோட்டை விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், திண்டிவனத்துக்கு மேற்கே சுமார் 28 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் மதில்களையும் கொண்டது இக்கோட்டை. இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மன்னர்களும் போர்களுமே மிகுதி. அந்தப் பாறைகளின் மேல் நூற்றாண்டுக் கணக்கில் ஆட்கள் தங்கியிருக்க முடிந்ததற்குக் காரணமான நீரைப் பற்றிய செய்தி பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். மலை மேல் சுனை எப்படி உண்டாகிறது, கோட்டையில் இருந்தவர்கள் நீரை எப்படிச் சேமித்தார்கள், அந்த நீர் வரலாற்றை எப்படி நடத்தியது, இன்று சுனைகளுக்கு என்ன ஆபத்து என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்கள்

தமிழில் நீர்நிலைகளுக்குப் பல பெயர்கள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கும் சொற்கள் அல்ல.

சுனை என்பது மலையில், பாறைப் பள்ளத்தில் தேங்கி நிற்கும் நீர். பாறை இடுக்கிலிருந்து கசிவு வந்து சேர்ந்துகொண்டிருந்தால் அது வற்றாச் சுனை. மழை நீர் மட்டும் தேங்கினால் கோடையில் காய்ந்துவிடும். குறிஞ்சி நிலத்துக்கு உரிய நீராக அருவி நீரையும் சுனை நீரையும் நம் இலக்கண நூல்கள் சொல்கின்றன.

ஊற்று என்பது நிலத்துக்குள்ளிருந்து வெளிப்படும் நீர். ஆற்று மணலைத் தோண்டினால் வருவதும் ஊற்றே. குளம் ஆட்கள் வெட்டியது. குடிக்கவும் குளிக்கவும் கோயில் தேவைக்கும் பயன்படுவது. ஏரி என்பது கரை போட்டு மழை நீரைத் தடுத்துப் பாசனத்துக்கு விடுவது. சிறிய ஏரியைத் தாங்கல் என்பர். ஏரி நிறைந்து உபரி நீர் வெளியேறுவதை எங்கள் பகுதியில் 'ஏரி கோடி போகிறது' என்பார்கள்.

செஞ்சியின் சிறப்பு, இவற்றுள் சுனை, குளம், ஏரி மூன்றும் ஒரே இடத்தில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அமைந்திருப்பதுதான்.

நிலமும் மழையும்

செஞ்சியைச் சுற்றியுள்ள குன்றுகள் கருங்கல் வகையைச் சேர்ந்த மிகப் பழைய பாறைகளால் ஆனவை. அவற்றின் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பெரிய உருண்டைக் கற்களை யாரோ அடுக்கி வைத்தது போன்ற தோற்றம் இக்குன்றுகளுக்கு உண்டு. உண்மையில் யாரும் அடுக்கவில்லை. ஒரே பாறையாக இருந்தது குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டது. விரிசல் வழியே நீர் இறங்கி ஓரங்களை அரித்தது. அரிபட்ட மண்ணை மழை அடித்துச் சென்றபின் நடுப்பகுதிகள் உருண்டைகளாக எஞ்சி நிற்கின்றன.

இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழைக் காலமான ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி வந்துவிடும். தென்மேற்குப் பருவக் காலத்தில் மாலை நேர இடிமழை ஓரளவு கிடைக்கும். தை முதல் வைகாசி வரை மழை மிகக் குறைவு. ஆகவே இங்கு நீர் என்பது சில வாரங்களில் வந்ததை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளும் கணக்கு. அந்தச் சில வாரங்களின் மழையும் சில சமயம் ஒரே நாளில் கொட்டிவிடும். 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. ஓராண்டு மழையில் பாதி ஒரே நாளில் பெய்தது என்று இதற்குப் பொருள். அந்த நீரில் பெரும்பகுதி ஓடிக் கடலில் கலந்தது.

மலை மேல் நீர் நிற்பது எப்படி?

உயரமான பாறைக் குன்றின் மேல், சுற்றிலும் வயல்கள் காய்ந்து கிடக்கும் சித்திரை மாதத்திலும் ஒரு சுனையில் நீர் கிடப்பதைப் பார்ப்பவர்கள் வியப்படைவது இயல்பு. அதனால்தான் பல ஊர்களில் சுனையோடு ஒரு கதையும் வழங்குகிறது. கடலோடு சுரங்கம் வழியாகத் தொடர்பு உள்ளது என்பார்கள். கங்கையே இங்கு வந்து ஊறுகிறாள் என்பார்கள். சுனையைத் தெய்வமாக மதித்து மாசுபடாமல் காக்க இக்கதைகள் பெரிதும் உதவின. ஆனால் நீர் வரும் வழியை அவை விளக்குவதில்லை.

நீர் தானாகத் தன் மட்டத்துக்கு மேல் ஏறாது. குன்றின் உச்சியை ஒட்டிய ஒரு சுனைக்குக் கீழேயுள்ள சமவெளியிலிருந்து நீர் ஏறி வர வழியில்லை. ஆகவே அந்த நீர் சுனைக்கு மேலே, அதே குன்றில் பெய்த மழையாகத்தான் இருக்க முடியும்.

கருங்கல்லுக்குள் நீர் புகாது. கடற்பஞ்சு போன்ற துளைகள் அதில் இல்லை. ஆனால் விரிசல்கள் உண்டு. குறிப்பாக, இவ்வகைக் குன்றுகளில் பாறை வெங்காயத் தோல்போல மேற்பரப்புக்கு இணையாக அடுக்கு அடுக்காகப் பிளந்திருக்கும். உச்சியில் பெய்யும் மழையின் ஒரு பகுதி, பாறை இடுக்குகளில் சேர்ந்துள்ள மண்ணில் ஊறி, செடிகளின் வேர்கள் வழியே விரிசலுக்குள் இறங்குகிறது. அங்கிருந்து மிக மெதுவாக நகர்கிறது. எந்த இடத்தில் விரிசல் வெளியே திறக்கிறதோ அங்கு கசிகிறது. அந்த இடத்தில் ஒரு பள்ளமும் இருந்துவிட்டால் அதுவே சுனை.

இதிலிருந்து முக்கியமான ஓர் உண்மை கிடைக்கிறது. சுனையின் உயிர் சுனையில் இல்லை. சுனைக்கு மேலே உள்ள பாறையிலும் அதன் இடுக்கு மண்ணிலும் புதரிலும் இருக்கிறது. மேலே உள்ளதை அழித்துவிட்டுச் சுனைக்குச் சுற்றுச்சுவர் கட்டிப் பயனில்லை.

எவ்வளவு நீர் தேவை?

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1,000 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் கிடைக்கும். ஒரு ஹெக்டேர் பாறைப் பரப்பில் ஓராண்டில் விழும் மழை ஒரு கோடி லிட்டர். எனவே மலை மேல் மழைக்குப் பஞ்சமில்லை. அதை நிறுத்தி வைப்பதுதான் சிக்கல்.

6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் உள்ள ஒரு பாறைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 72,000 லிட்டர் பிடிக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் 300 காவலர்களுக்கு 1,500 லிட்டர் வேண்டும். தொட்டி 48 நாட்களில் காலியாகிவிடும். அத்துடன் நம் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு நீர் ஆவியாகிவிடும். மூன்று மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் பாதியை வெயிலே குடித்துவிடும்.

இப்போது ஒரு சிறு கசிவை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர், அதாவது ஒரு சொம்பு நீர். பார்க்க அற்பமாகத் தோன்றும். ஆனால் அது இரவும் பகலும் வந்தால் ஒரு நாளைக்கு 1,440 லிட்டர். ஏறக்குறைய 300 பேருக்கு அது போதும். பெரிய தொட்டியைவிடச் சிறிய வற்றாக் கசிவு மதிப்புடையது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ஒரு குன்று கோட்டையாகுமா ஆகாதா என்பதைத் தீர்மானித்தவற்றுள் இந்தச் சொம்பு நீரும் ஒன்று.

பாறைகளை நாடி வந்தவர்கள்

கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்பகுதிப் பாறைகளில் மனித நடமாட்டம் இருந்தது. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாட்கள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைக் கூறும் பழைய கல்வெட்டு ஒன்றும் அங்கே உள்ளது. தமிழ் எழுத்து வளர்ச்சியை ஆராய்பவர்கள் அதைத் தவறாமல் குறிப்பிடுவர். பல்லவர் காலத்தில் சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதருக்கும், மேலச்சேரியில் சிவனுக்கும் குடைவரைகள் அமைந்தன. செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் வழிப் பகுதியிலுள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றி எழுப்பியதாக முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் கூறிக்கொள்ளும் குடைவரை உள்ளது.

மலையில் தங்கித் தவம் செய்பவருக்கும், மாதக் கணக்கில் பாறையைக் குடையும் சிற்பிக்கும் அருகில் நீர் வேண்டும். உளிக்குச் சூடு ஏறாமல் தணிப்பதற்கும் நீர் வேண்டும். ஆகவே இப்பகுதியில் எந்தப் பாறையில் பழைய தடயம் இருந்தாலும் பக்கத்தில் நீர் எங்கே இருந்தது என்று தேடிப் பார்ப்பது பயனுள்ள வழக்கம்.

கோட்டையின் தொடக்கம் பற்றிய மரபுக் கதையும் இதற்கு ஏற்றதாகவே உள்ளது. ஏறத்தாழ கி.பி. 1200ஐ ஒட்டிய காலத்தில் ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவர், ஆடு மேய்க்கையில் மலையில் புதையல் கண்டெடுத்து, அதைக்கொண்டு முதல் அரணை எழுப்பினார் என்பர். ராஜகிரிக்கு ஆனந்தகிரி என்ற பெயரும் வழங்கியது. புதையல் கதை எப்படியாயினும், ஒரு குன்றின் எந்த இடுக்கில் கோடையிலும் நீர் கிடைக்கும் என்பதை அங்கே மந்தை மேய்ப்பவரைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது. முதல் அரணை அமைத்தவர் ஒரு கோனார் என்பதில் பொருத்தம் இருக்கிறது.

கோட்டையின் நீர் ஏற்பாடு

கோனார்களுக்குப் பின் கோட்டை விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்ட நாயக்கர்களிடம் வந்தது. இன்று நாம் பார்க்கும் மதில்கள், நெற்களஞ்சியங்கள், கல்யாண மகால், வேங்கடரமணர் கோயில் ஆகியவற்றில் பெரும்பாலானவை அவர்கள் காலத்தில் உருவாகி, பின்வந்தவர்களால் விரிவாக்கப்பட்டவை. நீர் ஏற்பாட்டை மூன்று படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

முதற்படி, உச்சி. சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் மேற்பகுதியில் இரண்டு நன்னீர்ச் சுனைகள் உள்ளன. உச்சிக் கோட்டையை மலையின் மற்றப் பகுதியிலிருந்து ஓர் இயற்கைப் பிளவு பிரிக்கிறது. அதன் அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. அதன்மேல் இருந்த பாலத்தை நீக்கிவிட்டால் மேலே உள்ளவர்களை எவரும் நெருங்க முடியாது. ஆனால் உச்சியில் நீர் இல்லாவிட்டால் அந்தப் பிளவு பகைவரைத் தடுப்பதற்குப் பதில் உள்ளிருப்பவர்களுக்குச் சிறையாகிவிடும். சுனைகள் இருந்ததால்தான் அது அரணாயிற்று.

இரண்டாம் படி, சரிவு. உச்சிக்குக் கீழே மழை நீரைத் தேக்கும் மூன்று தேக்கங்கள் உள்ளன. வழுக்குப் பாறையில் ஓடிவரும் நீரை இயற்கைப் பள்ளங்களில் மறித்து நிறுத்துவதே இதன் முறை. இவை கசிவை நம்பியவை அல்ல; ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து கோடையில் குறைபவை.

மூன்றாம் படி, அடிவாரம். இங்கே ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம் போன்ற வெட்டுக் குளங்கள் உள்ளன. படை, யானை, குதிரை, அரண்மனை, கோயில் ஆகியவற்றின் பெரிய தேவைகளை நிறைவு செய்தவை இவை. அடுக்கு மாடிகளுடன் கூம்புக் கூரை கொண்ட கல்யாண மகாலுக்குச் சுமார் 500 கஜத் தொலைவிலிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய்கள் வழியாக நீர் கொண்டுவரப்பட்டது. தேக்கத்தின் நீர்மட்டம் உயரமாகவும் நீர் வெளிவரும் இடம் தாழ்வாகவும் இருந்தால் இடையில் குழாய் அந்த நீர்மட்டத்துக்கு மேல் ஏறாதவரை நீர் தானே வந்து சேரும். எட்டாம் வகுப்பு மாணவர் ஒரு ரப்பர் குழாயையும் இரண்டு பாத்திரங்களையும் வைத்துச் செய்து பார்க்கும் சோதனை இதுதான்.

நீரோடு உணவும் சேர்ந்தே சேமிக்கப்பட்டது. அடிவாரத்திலும் கிருஷ்ணகிரியிலும் தானியக் களஞ்சியங்கள் உள்ளன. கிருஷ்ணகிரியில் எண்ணெய்க் கிணறு என்று வழங்கும் கற்தொட்டியையும் காணலாம். மூன்று குன்றுகளும் மதிலால் இணைக்கப்பட்டிருந்ததால் ஒரு குன்று விழுந்தாலும் மற்றொன்றில் தாக்குப் பிடிக்கலாம். அதற்கு ஒவ்வொரு குன்றும் தன் நீரைத் தானே வைத்திருக்க வேண்டியிருந்தது.

எட்டாண்டு முற்றுகை

1649இல் செஞ்சி பீஜப்பூர் சுல்தானியத்தின் கைக்கு வந்தது. 1677இல் சிவாஜி அதைக் கைப்பற்றி மதில்களைப் பலப்படுத்தினார். அவருடைய மகன் ராஜாராம், முகலாயர்களிடமிருந்து தப்பித் தெற்கே வந்து செஞ்சியில் தங்கினார். 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல்.

ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். முற்றுகை இடைவிடாமல் நடக்கவில்லை. பேச்சுவார்த்தைகளும் பின்வாங்கல்களும் நடுவில் உண்டு. ஆனாலும் இவ்வளவு காலம் கோட்டை நின்றதற்கு மதிலின் கனத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. பீரங்கியால் மதிலை உடைக்கலாம். சுனையை மறிக்க வெளியிலிருப்பவரால் இயலாது. ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக நீர் பெறும் கோட்டை என்றால் கால்வாயை வெட்டிவிட்டால் போதும். இங்கோ நீர் வானத்திலிருந்து நேரே கோட்டைக்குள் வந்தது.

அதே மழை வெளியில் இருந்தவர்களை வாட்டியது. முகலாயப் படையோடு இருந்த பீம்சேன் என்பவர் எழுதிய குறிப்புகளிலிருந்து, முற்றுகையின் முதல் ஆண்டுகளில் பெய்த பெருமழையில் சுற்றுவட்டாரம் முழுவதும் வெள்ளக்காடானதையும், தானியம் விலையேறியதையும், அகழிகளில் கிடந்த வீரர்கள் பட்ட துன்பத்தையும் அறிகிறோம். 1693ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சுல்பிகர் கான் முற்றுகையை விலக்கிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கார்த்திகை மழை உள்ளே இருப்பவருக்குச் சேமிப்பாகவும் வெளியே இருப்பவருக்குச் சேதமாகவும் இருந்தது.

நீரும் நோயும்

நீரின் இன்னொரு முகத்தையும் செஞ்சி காட்டியது. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை ஓர் இரவுத் தாக்குதலில் கோட்டையைப் பிடித்தது. 1761இல் ஆங்கிலேயர் கைப்பற்றும் வரை அது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அக்கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம், கருநாடகப் பகுதியிலேயே உடல்நலத்துக்கு மிகக் கேடான இடங்களில் ஒன்றாகச் செஞ்சியைக் குறிப்பிடுகிறார். ஒரே சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே வைத்திராத பிரெஞ்சுக்காரர்கள், பத்தாண்டுகளில் சுமார் 1,200 பேரை இழந்தார்கள் என்பது அவர் தரும் கணக்கு. பகைவரின் குண்டுக்கு இரையானவர்களைவிட நோய்க்கு இரையானவர்கள் மிகப் பலர்.

மலேரியா கொசுவால் பரவுகிறது என்பது 1897இல் ரொனால்டு ராஸ் கண்டறிந்த பிறகே உலகுக்குத் தெரியும். அதற்கு முன் 'கெட்ட காற்று' என்றே எண்ணினார்கள். இன்றைய அறிவைக் கொண்டு பார்த்தால், பாறைப் பள்ளங்களிலும் பராமரிப்பற்ற தேக்கங்களிலும் நின்ற நீர் கொசு வளரும் இடமாகியிருக்கலாம் என்று கருத இடமுண்டு. மீன்கள் வாழும், தூர் வாரப்படும் சுனை ஒன்று. கவனிப்பாரற்றுப் பாசி படர்ந்த குட்டை வேறு. நீரைச் சேர்ப்பது பாதி வேலை. அதைக் கவனிப்பது மறுபாதி.

செட்டிக்குளமும் தேசிங்கு ராஜனும்

அடிவாரக் குளங்களுள் மக்கள் நினைவில் மிகுதியாக நிற்பது செட்டிக்குளம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமச் செட்டி என்பவர் அதை வெட்டுவித்தார் என்பர்.

தேசிங்கு ராஜன் என்று நாம் அழைக்கும் தேஜ் சிங், முகலாயர்களின் கீழ்ச் செஞ்சியைக் காவல் செய்த புந்தேலா ராஜபுத்திரர் சொரூப் சிங்கின் மகன். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714இல் மிகச் சிறிய படையுடன் பெரும்படையை எதிர்த்து இளம் வயதில் மாண்டார். அவர் உடல் செட்டிக்குளக் கரையில் எரியூட்டப்பட்டது என்றும், அவருடைய இளம் மனைவி அங்கேயே உடன்கட்டை ஏறினார் என்றும் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் நினைவாகவே நவாப் ராணிப்பேட்டைக்கு அப்பெயரை இட்டார். தேசிங்கின் நண்பர் மோவுத்துக்கானின் நினைவு நீலாம்பூண்டியில் போற்றப்படுகிறது. இந்துவும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்று மாண்ட இக்கதை, தேசிங்குராஜன் கதைப் பாடலாக நம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டது.

மலையிலிருந்து கடல் வரை

செஞ்சிப் பகுதி மலைகளிலும் மேல்மலையனூர்ப் பக்கத்திலும் பெய்யும் மழையில் சுனைகளும் ஏரிகளும் பிடித்ததுபோக எஞ்சுவது சங்கராபரணி ஆற்றில் சேர்கிறது. இதற்கு வராக நதி, செஞ்சியாறு என்ற பெயர்களும் உண்டு. திண்டிவனம் பக்கத்திலிருந்து வரும் தொண்டியாறு இதில் சேரும் இடத்தில், 1950களின் இறுதியில் வீடூர் அணை கட்டப்பட்டது. அங்கிருந்து திருவக்கரை வழியாகச் சென்று புதுச்சேரிப் பகுதிக்குள் நுழைந்து ஆறு கடலில் கலக்கிறது.

திருவக்கரையில் நிலம் மாறுகிறது. மேற்கே கருங்கல், இங்கிருந்து கிழக்கே கடலூர் மணற்கல் எனப்படும் இளைய படிவுப் பாறை. கல்லாக மாறிய மரங்கள் இப்படிவில் கிடக்கின்றன. அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். மணற்கல்லில் துளைகள் உண்டு. அது கடற்பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்து, தாழ்வான இடங்களில் ஊற்றாக விடும். புதுச்சேரியை அடுத்த முத்திரப்பாளையம் ஊற்று இவ்வகை நிலத்தைச் சேர்ந்தது. 1860களில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பொறியாளர் லாமரெஸ் அங்கிருந்து புதுச்சேரி நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தார். அதன் நினைவாக எழுந்ததே பாரதி பூங்காவிலுள்ள ஆயி மண்டபம். தன் மாளிகையை இடித்துவிட்டு மக்களுக்காகக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

ஆக, ஒரே ஆற்றின் வழியில் இரு வகை ஊற்றுகளைக் காண்கிறோம். மணற்கல் ஊற்று ஒரு நகருக்கே நீர் தரும் அளவு பெரியது. கருங்கல் சுனை சிறியது. சில நூறு பேருக்கு மட்டும் போதுமானது. அதன் நீர்ச் சேமிப்பு முழுவதும் அந்த ஒரு குன்றின் விரிசல்களுக்குள் அடங்கியது. அதனால்தான் அது எளிதில் அழியக்கூடியது.

இன்றைய நிலை

செஞ்சிக் கோட்டை 1921இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜூலையில் 'மராத்தியப் போர்முறை நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்று. மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இது மட்டுமே.

இப்பெருமையால் பார்வையாளர் எண்ணிக்கை கூடும். மலையேறுபவர்கள் விட்டுச்செல்லும் நெகிழிப் புட்டிகளும் உணவுப் பொட்டலங்களும் காற்றில் உருண்டு பள்ளத்தில்தான் சேரும். பாறைக் குன்றில் பள்ளம் என்றால் அது சுனையே. ஒரு காலத்தில் காவலர்களைக் காத்த சுனைகளை இன்று நம்பியிருப்பவை குரங்குகளும் பறவைகளும்.

எனினும் செஞ்சியின் குன்றுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பெரிய கவலை வேறிடத்தில் உள்ளது. திண்டிவனம், வானூர், விழுப்புரம் வட்டாரங்களில் பெயர் தெரியாத சிறு குன்றுகள் பல உள்ளன. அவற்றிலும் சுனைகள் உண்டு. பக்கத்தில் ஐயனார் கோயிலோ முனீஸ்வரன் மேடையோ இருக்கும். இப்பகுதியில் ஜல்லிக்கும் கருங்கல்லுக்கும் குவாரிகள் இயங்குகின்றன. வீடு கட்டவும் சாலை போடவும் கல் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தூர்ந்துபோன ஏரியைத் தூர் வாரலாம். உடைந்த கரையைக் கட்டலாம். வெடி வைத்து உடைத்த குன்றை மீண்டும் உண்டாக்க முடியாது. விரிசல் அடுக்கு போய்விட்டால் சுனை என்றைக்குமாகப் போய்விட்டது. குவாரிக் குழியில் தேங்கும் ஆழமான நீர் சுனை ஆகாது.

ஒரு சுனையைக் காக்கச் செய்ய வேண்டியவை எளியவை:

1. சுனைக்கு மேலே உள்ள புதரையும் இடுக்கு மண்ணையும் அழிக்காமல் விடுதல். கோடையில் புல்லுக்குத் தீ வைக்காதிருத்தல்.
2. ஆவணி, புரட்டாசியில், பெருமழைக்கு முன் சேற்றையும் குப்பையையும் அள்ளிவிடுதல்.
3. கசிவு வரும் இடுக்கைச் சிமென்டு பூசி அடைக்காதிருத்தல். அழகுபடுத்துவதாக எண்ணிச் செய்யும் இந்த வேலை ஊற்றுக் கண்ணையே மூடிவிடும்.
4. சோப்பு, எண்ணெய், பூசைக் கழிவு ஆகியவற்றைச் சுனையில் சேர்க்காதிருத்தல்.

ஊர்ச் சுனையைப் பதிவு செய்தல்

செஞ்சியின் நீர் பற்றி ஓரளவு தெரிவதற்குக் காரணம் அங்கே அரசர்கள் இருந்ததுதான். முற்றுகை நடந்ததால் குறிப்பு எழுதினார்கள், சி. எஸ். சீனிவாசாச்சாரி போன்றோர் பின்னர் விரிவான வரலாறு எழுதினார்கள். ஊர்ப்புறக் குன்றின் சுனைக்கு அப்படி எழுதுவாரில்லை. எதுவும் எழுதப்படாத குன்று, ஏலப் பட்டியலில் சர்வே எண்ணாக மட்டுமே தெரியும்.

பதிவு செய்ய விரும்புவோர் பின்வருவனவற்றைக் குறித்தால் போதும்: குன்றுக்கும் சுனைக்கும் ஊரார் வழங்கும் பெயர்; கிராமமும் வட்டமும்; சுனையின் நீளம், அகலம்; கல் கட்டிய கயிற்றை இறக்கி அளந்த ஆழம்; கசிவு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது; கடைசியாக எந்த ஆண்டில் வற்றியது என்று முதியவர்கள் சொல்வது; அருகில் கல்வெட்டு, படுக்கை, சிற்பம், கோயில் உண்டா என்பது. தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என நான்கு மாதங்களில் நீர்மட்டத்தை அளந்தால் அது வற்றாச் சுனையா, மழைத் தேக்கமா என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். பள்ளி மாணவர்களைப் பெரியவர்கள் துணையோடு இதில் ஈடுபடுத்தலாம். அளக்கும்போது ஒருவர் தனியாகச் செல்லக் கூடாது. பாசி படிந்த பாறை வழுக்கும், சுனையின் ஆழம் பார்வைக்குத் தெரியாது.

இக்குறிப்புகளின் ஒரு படியைக் கிராம ஊராட்சியில் கொடுத்து, கிராமசபைக் கூட்டத்தில் பதிவு செய்யக் கேட்கலாம். குன்று குத்தகைக்கு வரும் நாளில், அங்கே நீர் இருந்தது என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று இருக்கும்.